பாம்பாற்றுக் கரையில் ஒரு பூங்கா போட்டால்?

வணக்கம் மக்களே! கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன், என் செருப்பைப் பாருங்கள், முழுக்கச் செம்மண். பாம்பாற்றுக் கரையில் நிற்கிறேன். ஆறு என்கிறாய், தண்ணீர் எங்கே என்று கமெண்டில் வந்து கேட்பீர்கள், தெரியும். நம் பக்கத்து ஆறு ஐப்பசி, கார்த்திகையில் ஓடும், மற்ற மாதங்களில் மணலாகக் கிடக்கும். இங்கே ஒரு பூங்கா போடுவதென்றால் அந்த மணலை வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

சரி, கரை அரித்திருக்கும் இந்த இடத்துக்கு வாருங்கள். சிவப்பாக, தேன்கூடு மாதிரி புறை புறையாக இருக்கிறதே, இதுதான் செம்புறாங்கல். மழையும் வெயிலும் மாறி மாறி அடித்து, கல்லிலிருந்த சிலிக்கா என்ற மணல்சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் மட்டும் தங்கி இப்படி ஆகிறது. புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் மலபாரில் இதைப் பார்த்து, 1807-இல் வந்த தன் புத்தகத்தில், செங்கல்லுக்கான லத்தீன் சொல்லிலிருந்து லேட்டரைட் என்று பேர் வைத்தார். தோண்டும்போது ஈரமாக, வெட்டுக்கு இணங்கும். காற்றுப் பட்டால் இறுகிவிடும். நம் ஊருணிகளின் சுற்றுச்சுவரைப் பார்த்தாலே புரியும்.

இப்போது பாட்டில் தண்ணீரை ஊற்றுகிறேன்... பார்த்தீர்களா, ஓடவே இல்லை, உள்ளே இறங்கிவிட்டது. காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீரின் பெருமையை எங்கள் அப்பத்தா வாய் ஓயாமல் பேசும். மண்ணுக்குள் இப்படி இறங்குகிற மழைதான் ஊற்றாக வருகிறது.

இதன் மேல் கான்கிரீட் போட்டு மூடினால் என்ன ஆகும்? வேறொரு ஊரில் நானே போட்டுப் பார்த்தேன். ஆற்றோரம் நேர்கோட்டில் ஒரு சுவர், மேலே கொரியன் புல், படத்தில் அவ்வளவு அழகு. சுவரில் தண்ணீர் கசிய ஓட்டை விட மறந்துவிட்டேன், முதல் பெருமழையிலேயே பின்னால் தண்ணீர் கட்டி, சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. வரைந்தவன் நான், வேறு யாரைச் சொல்ல?

அதனால் இங்கே சுவர் வேண்டாம். அரித்த கரையில் இருபதடியை அப்படியே திறந்து விட்டுவிடலாம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். பக்கத்தில் ஊருணிப் படி மாதிரி செம்புறாங்கல் படிகள், இடுக்கில் சுண்ணாம்பு பூசாமல். வெள்ளம் வந்தால் கீழ்ப்படிகள் முழுகட்டும், அதற்குத்தானே படி! சீனாவில் காங்ஜியான் யூ வடிவமைத்த யான்வெய்ஜோ பூங்காவிலும் வெள்ளம் ஏறி இறங்கத்தான் படிப்படியாகக் கரை அமைத்தார்கள்.

நடைபாதைக்கும் ஒரு யோசனை இருக்கிறது. மேற்கே திருமயம் கோட்டை நிற்கிற பாறை டைனோசர் காலத்துக்கும் முந்தியது, நடுவில் நம் செம்புறாங்கல், கிழக்கே போகப் போக கடலோர மணல். ஆறும் இதே வரிசையில்தான் போகிறது. பாதையின் தொடக்கத்தில் கருங்கல், அப்புறம் செம்புறாங்கல், கடைசியில் வெறும் மணல். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் கால்தான் வழிகாட்டி. போர்டு வைத்து எழுத வேண்டியதில்லை, எப்படியும் யாரும் படிப்பதில்லை.

நிழலுக்கு நீர்மருதும் நாவலும் போதும். ஏற்கெனவே நிற்கிற பனையை யாராவது தொட்டால் சண்டைக்கு வருவேன்.

வெயில் ஏறிவிட்டது, பாட்டிலும் காலி. வரைபடத்தை அடுத்த வீடியோவில் விரித்துக் காட்டுகிறேன்.