நடுவர் எழுதித் தந்த தாள்

நேயர்களுக்கு வணக்கம். நான் கொழிஞ்சாம்பாறையில் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். வேலந்தாவளம் சோதனைச் சாவடிக்குக் கேரளப் பக்கம் என்றாலும் எங்கள் தெருவில் பேச்சு தமிழ்தான். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் போட்டிக்குக் கோயமுத்தூருக்கோ கொச்சிக்கோ போவார்கள். பரிசு வந்தாலும் வராவிட்டாலும், நடுவர்கள் கைப்பட எழுதிய தாள் மட்டும் வரும். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தாளைவிட அப்பீல்தான் பழக்கம். 1957-இல் எர்ணாகுளத்தில் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலோல்சவத்தை, அதாவது பள்ளிப் பிள்ளைகளின் கலைப் போட்டி விழாவை, பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே முடிவு பிடிக்கவில்லை என்றால் பணம் கட்டி மேல்முறையீடு செய்யலாம். அதனால் பியானோப் போட்டி முடிந்ததும் அப்பாமார் முதலில் கேட்பது, "டீச்சர், இதுக்கு அப்பீல் உண்டா?" என்பதுதான்.

நடுவர்களுக்குள் ஒத்துப்போகாதது உலகமெங்கும் உள்ளதுதான். 1980-இல் போலந்தின் வார்சாவில், ஷோபின் என்ற இசையமைப்பாளர் பெயரில் நடந்த பியானோப் போட்டியில் ஈவோ போகொரேலிச் என்ற இளைஞரை இறுதிச் சுற்றுக்கு அனுப்பவில்லை. அவர் ஒரு மேதை என்று சொல்லி நடுவர் குழுவை விட்டே விலகினார் மார்த்தா அர்ஹெரிச். 1965-இல் அதே போட்டியில் முதல் பரிசு வாங்கியவர் அவர். சரி, 1980-இல் ஜெயித்தவர் யார்? வியட்நாமின் டாங் தாய் சன். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. 2021-இல் அந்தப் போட்டியில் முதலிடம் பிடித்த புரூஸ் லியூ அவருடைய மாணவர்.

ஆகவே இரண்டு நடுவர்கள் இரண்டு விதமாக எழுதியிருந்தால் நான் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. இருவரும் ஒரே வரியை எழுதியிருந்தால் உட்கார்ந்து யோசிப்பேன்.

என் மாணவி ஒருத்தி ஷோபினின் ஏ மைனர் வால்ட்ஸ் என்ற நடன இசையை வாசித்தாள். வேகம் அருமை என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னும் நிதானம் வேண்டும் என்று மற்றவர். இரண்டு தாளிலும் இருந்தது ஒன்று: இடது கை கனக்கிறது. பெண்ணுக்கு அழுகை. வீட்டில் வாசிக்கும்போது அப்படிக் கேட்கவே இல்லையே என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். வீட்டில் இருப்பது டிஜிட்டல் பியானோ. இந்தப் பக்கம் வேறு வழியும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மாதக்கணக்கில் வறண்ட காற்று, அப்புறம் ஜூனில் மழை. மரம் சுருங்கி ஊதினால் நிஜப் பியானோவின் சுருதி நிற்காது, சுருதி கூட்டுபவரை வெளியூரிலிருந்து அழைக்க வேண்டும். டிஜிட்டலில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் இடது கை வாசிக்கும் கீழ் ஸ்தாயி ஸ்வரங்கள் மெலிந்து கேட்கும். அதை ஈடுகட்ட இடது கை தன்னையறியாமல் ஓங்கி அடிக்கப் பழகிவிடும். மேடையில் இருப்பதோ கிராண்ட் பியானோ. அதன் கீழ் ஸ்தாயிக் கம்பிகள் நீளமானவை. அதே அடிக்கு அரங்கமே அதிரும், வலது கையின் மெட்டு அமுங்கிப் போகும்.

இன்னொன்றும் உண்டு. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் மண் இது; பிள்ளைகளுக்குத் தாளம் பிசகாது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் வால்ட்ஸில் மூன்று எண்ணிக்கையையும் ஒரே கனத்தில் போட்டால் நடனம் வராது. முதல் எண்ணிக்கையில் கை அமர வேண்டும், அடுத்த இரண்டும் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். கணக்குச் சரியாக இருந்தும் நடுவர்கள் முகம் சுளிப்பது இதற்குத்தான்.

அதற்கப்புறம் சில வாரம் அவளை இடது கையை மட்டும் வாசிக்கச் சொன்னேன், அதுவும் ஹெட்போன் போட்டுக்கொண்டு. ஸ்பீக்கரில் ஒளிந்திருந்த கனம் அதில் நன்றாகவே கேட்டது. பிறகு வலது கையின் மெட்டை வாயால் பாடிக்கொண்டே இடது கையை வாசித்தாள். பாட்டு அமுங்கினால் அவளே நிறுத்திவிடுவாள், நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

போட்டிக்குப் பிள்ளையை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வயலின்காரர் தன் வயலினோடு மேடையேறுகிறார், நம் பிள்ளை அறிமுகமில்லாத பியானோ முன்னால் உட்காருகிறது. முன்கூட்டியே போய், ஐந்து நிமிடம் அதை வாசித்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். சில இடங்களில் விடுவார்கள். விட்டால் முதலில் இடது கையை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கேளுங்கள்.