ஒரு தலையில் முடித்த கணக்கு

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் பேசியது. எழுதும்போது கொஞ்சம் சீர் செய்திருக்கிறேன். பேச்சு வாடையை முழுதாகப் போக்கவில்லை.)

அவையோர் எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பைக் கேட்டதும் செயலாளர் தயங்கினார். "சார், நமக்கு எதுக்கு ஈராக் விவகாரம்? கெடிலம் ஆத்தைப் பத்திப் பேசுங்களேன்" என்றார். கெடிலத்தில் தண்ணீர் வரட்டும், பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

2006 ஜூன் மாதம். திருப்பாதிரிப்புலியூரில் நான் வழக்கமாக முடி வெட்டிக்கொள்ளும் சலூனில் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைய பேப்பரில் ஒரு படம். ராணுவ உடுப்பில் ஒருவர், கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய போட்டோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகிறார். போட்டோவுக்குள் கண் மூடிக் கிடக்கும் ஒரு முகம், தாடியோடு, வீங்கிப்போய். பாக்தாத்தில் பத்திரிகையாளர்களுக்குக் காட்டுவதற்காகச் சட்டம் போட்டிருக்கிறார்கள். கடைக்காரர் கத்தியில் புது பிளேடைச் செருகிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "என்னா சார், பிரேம் போட்டுட்டாங்க, மாலையக் காணோம்?"

நான் சிரித்துவிட்டேன். ஆனால் அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. நம் வீடுகளில் செத்தவர் படத்துக்குச் சட்டம் போட்டால் மாலை உண்டு, ஒரு சின்ன சிவப்பு பல்பு உண்டு. எதிரியின் பிணத்துக்கு யாராவது சட்டம் போடுவார்களா? போட்டால் எந்தச் சுவரில் மாட்டுவார்கள்? அந்தக் கேள்வியைத்தான் பல வருடம் சுமந்து இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

செத்தவர் அபு முசாப் அல் சர்காவி, ஈராக்கில் அல் கொய்தா கிளையின் தலைவர். ஜோர்தானில் சர்கா என்கிற ஊர்க்காரர், அதனால் அந்தப் பெயர். அவருக்காக வருந்த வேண்டிய காரணம் எனக்கு ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாத்தில் ஐ.நா. அலுவலகத்தின் மேல் வெடிகுண்டு லாரியை மோதவிட்டு ஐ.நா. தூதர் செர்ஜியோ வியேரா டி மெல்லோ உட்பட 22 பேரைக் கொன்ற கூட்டத்தின் தலைவர். 2005 நவம்பரில் அம்மான் நகரத்தில் மூன்று ஓட்டல்களில் குண்டு. அதில் ஒன்றில் கல்யாண வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. இதற்குப் பிறகு அவருடைய சொந்தக் குலத்தாரே பேப்பரில் விளம்பரம் கொடுத்து அவரைத் தள்ளிவைத்தார்கள். அவர் தலைக்கு அமெரிக்கா வைத்த விலை இரண்டரைக் கோடி டாலர், பின் லேடனுக்கு வைத்த அதே விலை.

2006 ஜூன் 7 மாலை ஆறேகால் மணி வாக்கில், பாகுபாவுக்குப் பக்கத்தில் ஹிப்ஹிப் என்கிற கிராமத்தில், பேரீச்சந்தோப்புக்குள் இருந்த ஒரு வீட்டின் மேல் எஃப்-16 விமானம் ஒன்று இரண்டு குண்டுகளைப் போட்டது. ஒவ்வொன்றும் 500 பவுண்டு. மறுநாள் ஈராக் பிரதமர் நூரி அல் மாலிக்கி அறிவித்தார். பல வாரமாகக் காலியாக இழுபட்டுக்கொண்டிருந்த பாதுகாப்பு, உள்துறை அமைச்சர் பதவிகளுக்கும் அன்றைக்கே ஆள் போட்டுவிட்டார். நல்ல நாள் பார்த்துத்தான் செய்திருக்கிறார்.

சலூனுக்குத் திரும்புவோம். முறைக்காகப் பெஞ்சில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் சிவப்புத் துண்டு. "தேர்தல் வருதுல்ல, புஷ்ஷுக்கு ஒரு பொணம் தேவைப்பட்டுச்சு" என்றார். மற்றவர், "கழுத்தறுத்தவன் செத்தா சந்தோஷப்படக்கூட உங்க கட்சியில பர்மிஷன் வாங்கணுமா?" என்றார். அரை மணி நேரம் ஓடியது. ஹிப்ஹிப் எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

பிறகு படித்துப் பார்த்தால், வாஷிங்டனிலும் இதே பெஞ்சுதான். ஜனநாயகக் கட்சியில் பெரும்பாலோர் படைவீரர்களைப் பாராட்டி அறிக்கை விட்டார்கள். சிலர் மட்டும், போர் தோற்றுக்கொண்டிருப்பதை மறைக்க இது ஒரு திரை என்றார்கள். புஷ்ஷின் குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு அந்தச் சிலர் போதுமானதாக இருந்தது. பாருங்கள், இவர்களுக்கு எதிரி செத்தாலும் துக்கம் என்று பிடித்துக்கொண்டார்கள். ஒரு வாரத்திலேயே பிரதிநிதிகள் சபையில் போர் பற்றிய விவாதம் வைத்தார்கள். ஈராக்கில் இறந்த அமெரிக்க வீரர்கள் எண்ணிக்கை 2,500ஐத் தொட்டதும் அந்த வாரம்தான். படையைத் திரும்பப் பெற நாள் குறிக்கக்கூடாது என்ற தீர்மானம் 256க்கு 153 என்று நிறைவேறியது. நவம்பரில் தேர்தல் வந்தது, ஆளும் கட்சி இரண்டு அவைகளையும் இழந்தது. சட்டம் போட்ட படம் ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை.

ஒரு சண்டை பாக்கி இருக்கிறது, அது இன்னும் சுவையானது. போருக்கு முன்பே, 2002லேயே, வடக்கு ஈராக்கில் சர்காவியின் முகாம் இருந்த இடம் தெரிந்தும் வெள்ளை மாளிகை அடிக்க அனுமதிக்கவில்லை என்று 2004ல் ஒரு தொலைக்காட்சிச் செய்தி வந்தது. ஏன் அடிக்கவில்லை? 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் உட்கார்ந்து, சதாமுக்கும் அல் கொய்தாவுக்கும் முடிச்சுப் போடுவதற்குக் காட்டிய ஆள் இதே சர்காவிதான். அவர் செத்துப்போயிருந்தால் முடிச்சு ஏது என்று எதிர்க்கட்சி கேட்டது. அப்படி எண்ணித்தான் விட்டார்கள் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் போர்க் கணக்கை எழுத ஆரம்பித்தபோது பிள்ளையார் சுழி மாதிரி அந்தப் பெயர் மேலே இருந்தது. மூன்று வருடம் கழித்துக் கணக்கை மூடப் பார்த்ததும் அதே பெயரில்தான். நடுவில், 2006 ஏப்ரலில், ஈராக்கில் அவருடைய பங்கை அமெரிக்க ராணுவமே பிரச்சாரத்துக்காகப் பெரிதாக்கிக் காட்டியது என்று உள் ஆவணங்களை வைத்துச் செய்தியும் வந்துவிட்டது.

இது ஒரு கட்சியின் குணம் என்று நினைத்துவிடாதீர்கள். 1998க்குப் போவோம். நைரோபி, தார் எஸ் சலாம் தூதரகங்களில் குண்டு வெடித்து 224 பேர் செத்தார்கள். ஆகஸ்ட் 17 அன்று கிளிண்டன் தன் அந்தரங்க விவகாரத்தை டி.வி.யில் ஒப்புக்கொண்டார். மூன்றாம் நாள், 20 அன்று, பின் லேடனைக் குறிவைத்து ஆப்கானிஸ்தானுக்கு ஏவுகணை போனது; சூடானில் ஒரு மருந்துக் கம்பெனிக்கும் போனது. அப்போது 'திசைதிருப்புகிறார்' என்று முணுமுணுத்தது யார்? குடியரசுக் கட்சியில் சிலர். 2006ல் அந்த வசனம் வீடு மாறியது, அவ்வளவுதான். 2011ல் அபோட்டாபாத்தில் பின் லேடன் கொல்லப்பட்டபோது மறுபடி மாறியது. எங்கள் காலத்து விசாரணை முறையால்தான் துப்பு கிடைத்தது என்று புஷ் தரப்பு சொன்னது. 2012 தேர்தலில் ஒபாமா தரப்பு, எதிர்த்து நின்ற ராம்னி இந்த உத்தரவைப் போட்டிருப்பாரா என்று விளம்பரம் எடுத்தது. ஜிம்மி கார்ட்டர்கூடப் போட்டிருப்பார் என்றார் ராம்னி. பாவம் கார்ட்டர், யார் சண்டையிலோ அவருக்கு ஓர் அடி. 2019ல் ஐ.எஸ். தலைவர் பாக்தாதி செத்தபோது, முன்கூட்டியே ரஷ்யாவுக்குச் சொன்னார்கள், சபாநாயகர் பெலோசிக்குச் சொல்லவில்லை என்பதுதான் பெரிய சண்டை. ஒளிந்த சுரங்கத்தில் பாக்தாதியோடு செத்த குழந்தைகள் மூன்று பேர் என்று முதலில் சொன்னார்கள், பிறகு இரண்டு என்றார்கள். அதற்காக யாரும் சண்டை போடவில்லை. துரத்திப் போன நாயின் படத்தை மட்டும் உலகமே பார்த்தது.

தலையில் கணக்கு முடிப்பதை வெள்ளைக்காரன் நமக்குப் பக்கத்திலிருந்தே ஆரம்பித்திருக்கிறான். இங்கிருந்து தேவனாம்பட்டினம் எவ்வளவு தூரம்? ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு சில்வர் பீச்சுக்குப் போகிறோமே, அங்கேதான் இருந்தது செயின்ட் டேவிட் கோட்டை. 1758 ஜூனில் அதைப் பிடித்து இடித்தவர் பிரெஞ்சுத் தளபதி லாலி. பிறகு அவருக்கு இறங்குமுகம். சென்னையை முற்றுகையிட்டுத் திரும்பினார், 1760ல் வந்தவாசியில் தோற்றார், 1761 ஜனவரியில் பாண்டிச்சேரியையே ஒப்படைத்தார். கப்பலும் பணமும் உரிய நேரத்தில் அனுப்பாத அரசு, ஒத்துழைக்காத பாண்டிச்சேரி நிர்வாகம், சம்பளம் இல்லாமல் கலகம் செய்த சிப்பாய்கள், இவ்வளவும் அந்தத் தோல்வியில் உண்டு. லாலியும் லேசுப்பட்டவர் இல்லை. இங்கே உள்ளவர்களைக் கோயில் அர்ச்சகர் வரைக்கும் பகைத்துக்கொண்டவர். ஆனால் பாரிசில் கணக்கு எழுதியபோது எல்லாவற்றையும் ஒரே தலையில் எழுதினார்கள். 1766 மே 9, வாயை அடைத்துக் கூட்டிக்கொண்டு போய்த் தலையை வெட்டினார்கள். பேச விட்டால் மற்றவர்கள் பெயரும் வருமே. வோல்டேர் எழுதிப் போராடி, 1778ல்தான் அந்தத் தீர்ப்பு ரத்தானது.

அங்கே எதிரியின் தலை, இங்கே சொந்தத் தளபதியின் தலை. வித்தியாசம் பெரிதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தலை விழுந்ததும் மீதிக் கேள்விகள் கேட்பாரற்றுப் போவது இரண்டு இடத்திலும் ஒன்றே.

ஹிப்ஹிப்பில் கேட்பாரற்றுப் போனது என்ன? அந்த வீட்டில் எத்தனை பேர் செத்தார்கள் என்று ராணுவம் சொன்ன கணக்கே மாறிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை என்றார்கள், பிறகு குழந்தை இல்லை என்றார்கள், பிறகு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் ஒரு சிறுமி இருந்தாள் என்று ஒப்புக்கொண்டார்கள். சர்காவி குண்டுக்குப் பிறகு 52 நிமிடம் உயிரோடிருந்தார் என்பது வரைக்கும் நிமிடக் கணக்கு இருக்கிறது. அந்தப் பிள்ளையின் வயதில் இரண்டு வருட இடைவெளி.

சர்காவி கூட்டம் 2004ல் நிக் பெர்க் என்ற 26 வயது அமெரிக்கரைத் தலையை வெட்டிக் கொன்று வீடியோ வெளியிட்டது. அவருடைய அப்பா மைக்கேல் பெர்க் போர் எதிர்ப்பாளர், 2006ல் பசுமைக் கட்சி சார்பில் தேர்தலுக்கும் நின்றவர். சர்காவி செத்த அன்று மைக்கை நீட்டினார்கள். எந்த மனிதன் செத்தாலும் எனக்குத் துக்கம்தான், பழிவாங்குவதில் நம்பிக்கை இல்லை என்கிற பொருளில் பேசினார். அவரைத் திட்டாத ஆள் இல்லை. மகனைப் பறிகொடுத்த அப்பனுக்கு எப்படித் துக்கப்பட வேண்டும் என்று டி.வி.யில் உட்கார்ந்து பாடம் எடுத்தார்கள்.

ஜோர்தானில் அதற்கு நேர் எதிர்க் காட்சி. சர்காவி குடும்பத்தாரிடம் துக்கம் விசாரிக்கப் போன எதிர்க்கட்சி எம்.பி.க்கள் நான்கு பேரை அரசு கைது செய்தது. இங்கே எனக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று உண்மையிலேயே புரியவில்லை. எழவு வீட்டுக்குப் போகாதே என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் வாய் வராது. ஆனால் அம்மான் கல்யாண மண்டபத்தில் செத்தவர்களின் வீடும் அதே நாட்டில்தான் இருக்கிறது.

அப்புறம் என்ன ஆனது? ஒரு வாரத்துக்குள் வேறொருவர் தலைவரானார். அக்டோபரில் 'ஈராக் இஸ்லாமிய அரசு' என்று பெயர்ப்பலகை மாற்றினார்கள். அந்த வருடம் மட்டும் ஈராக்கில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 34,452 பேர் என்றது ஐ.நா. 2014ல் அதே கூட்டத்தின் வாரிசுகள் மோசுல் நகரத்தைப் பிடித்தார்கள். திக்ரித்தில் சிக்கிய 46 இந்திய நர்சுகள் திரும்பி வந்தது நினைவிருக்கும், பெரும்பாலோர் கேரளத்துப் பெண்கள். மோசுலில் கடத்தப்பட்ட நம் நாட்டுத் தொழிலாளர்கள் 39 பேர் திரும்பவே இல்லை; செத்துவிட்டார்கள் என்று 2018ல்தான் அரசு சொன்னது. அந்தச் சமயத்தில் என் தெருவில் வளைகுடாவில் பிள்ளை இருக்கிற வீடுகளில் ராத்திரி விளக்கு அணையவில்லை. 'சர்காவி தொலைந்தார், இனி நிம்மதி' என்று பேசிய சலூன்காரர் பெஞ்சு எட்டு வருடம் கழித்துக் கடலூருக்கே வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

ஒரு துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. "ஐயா, ஈராக்கைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், நந்திக்கடலைப் பற்றிப் பேசுவீர்களா?" பெயர் போடவில்லை. 2009ல் பிரபாகரன் இறந்ததாகச் செய்தி வந்த ஈழத்து நீர்நிலை அது. எதிர்பார்த்த கேள்விதான்.

யாரைப் பயங்கரவாதி என்பது, யாரைத் தலைவர் என்பது, இந்த ஒரு சொல்லிலேயே இந்த அறை இரண்டாகப் பிரியும் என்று எனக்குத் தெரியும். சர்காவியையும் அவரையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. தேதிகளை மட்டும் சொல்கிறேன். 2009 மே 13 நாம் ஓட்டுப் போட்டோம். 16ஆம் தேதி எண்ணினார்கள். 18, 19ஆம் தேதிகளில் அந்தச் செய்தி வந்தது. அந்த வாரம் இந்த ஊரில் என்ன பேசினோம்? யார் துரோகம் செய்தது, யாருடைய உண்ணாவிரதம் எத்தனை மணி நேரம், இந்தச் செய்தி ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் எத்தனை தொகுதி போயிருக்கும். நானும் பேசினேன், மறுக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு காரியமாகப் பாண்டிச்சேரி தாண்டி மரக்காணம் பக்கம் போக வேண்டியிருந்தது. வழியில் கீழ்புத்துப்பட்டு அகதிகள் முகாம். வாசலில் இருந்த டீக்கடையில் நின்றேன். கட்சிக்காரர்கள் வந்து கொடி கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கடைக்குள் ஒருவரும் அரசியல் பேசவில்லை. கையில் பேப்பரோடு நின்றதால் என்னை ஏதோ விவரம் தெரிந்தவன் என்று நினைத்திருக்க வேண்டும். அறுபது வயசு இருக்கும் ஒருவர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "சேர், செட்டிக்குளம் முகாமில இருக்கிற ஆக்கள்ட பேர் லிஸ்ட் எங்கயாவது எடுக்கலாமோ?"

போரில் தப்பி வந்த தமிழர்களை இலங்கை அரசு வைத்திருந்த முகாம் அது. பேப்பர் முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். எட்டு பக்கம் அந்தச் செய்திதான். பெயர்ப் பட்டியல் இல்லை.