நாட்டிங்ஹாம் கூஸ் ஃபேர்: வாத்துச் சந்தைக்குள்ள ராட்டினம் வந்த கதை

[காட்சி: இருட்டின மைதானம், சுத்தி கலர் லைட், ராட்டினங்கள்]

வணக்கம் மக்களே. இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்த நம்ம ஆளுங்க ரைடு போகணும்னா நேரா ஆல்டன் டவர்ஸ் தீம் பார்க்குக்கு டிக்கெட் போட்டுடறாங்க. நல்ல இடம்தான், ஆனா லாரில ஏறி ஊர் ஊரா வர்ற ராட்டினத் திருவிழான்னு ஒண்ணு இங்க இருக்கு, அதுலயும் செப்டம்பர் கடைசில ஆரம்பிச்சு அக்டோபர் முதல் வாரம் வரைக்கும் நாட்டிங்ஹாம்ல நடக்குற கூஸ் ஃபேரை ஒரு தடவையாவது பாத்துடணும், அதுவும் பொழுது சாஞ்சப்புறம் பாக்கணும்.

சரி, ஏன் இந்த சீசன்ல? எல்லாம் அறுவடை கணக்குதான். நம்மூர்ல நெல்லு அறுத்த வயல்ல வாத்து மேய்க்க விடுவாங்கல்ல, சிந்தின நெல்லைத் தின்னு வாத்து கொழுக்கும், அதே மாதிரி இங்க கோதுமை அறுத்த வயல்ல கூஸை மேய விட்டாங்க, அது கழுத்து நீண்ட பெரிய வாத்து. செப்டம்பர் 29 மைக்கேல்மஸ் பண்டிகை, அன்னைக்கு கூஸ் கறி சமைக்கிறது பழக்கம். அதனால லிங்கன்ஷயர் பக்கத்துலேர்ந்து கூட்டம் கூட்டமா நடத்தியே ஓட்டிட்டு வந்து நாட்டிங்ஹாம் சந்தைல வித்தாங்க. அவ்வளவு தூரம் நடந்தா கால் தேஞ்சுடும்னு தாரையும் மணலையும் காலுக்குப் பூசி விட்டாங்கன்னு இன்னைக்கும் ஊர்ல சொல்லுவாங்க.

இந்த சந்தையைப் பத்தி 1284லயே ராஜா முதலாம் எட்வர்ட் கொடுத்த சாசனத்துல இருக்கு. முன்னாடி செப்டம்பர் 21ல நடந்துட்டு இருந்தது, 1752ல பிரிட்டன் காலண்டரை மாத்தினாங்க, செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் நேரா 14ன்னு போயிடுச்சு, அந்த 11 நாள் இடிச்சதுல சந்தையும் அக்டோபர் 2க்குத் தள்ளிப்போச்சு. 1766ல இன்னொரு கூத்து. சந்தைல வித்த சீஸோட விலை திடீர்னு ஏறினதுல ஜனங்க கொதிச்சுப்போய் கடைங்களைச் சூறையாடிட்டாங்க, பெரிய பெரிய சீஸ் உருண்டையை ரோட்டுல உருட்டி விட்டாங்க, தடுக்க வந்த மேயரையே ஒரு சீஸ் இடிச்சுத் தள்ளிடுச்சு! பசியோட இருக்கிறவன் கண்ணு முன்னாடி சாப்பாட்டை எட்டாத விலைக்கு ஏத்தினா கோவம் வராம இருக்குமா?

ரயில் வந்தப்புறம் வியாபாரத்துக்கு சந்தை தேவைப்படல, வாத்து போச்சு, சீஸ் போச்சு, கூட வந்த வேடிக்கை மட்டும் நின்னு ராட்டினமா வளர்ந்துடுச்சு. ஊருக்கு நடுவுல மார்க்கெட் ஸ்கொயர்ல நடந்தது, 1928லேர்ந்து ஃபாரஸ்ட் ரிக்ரியேஷன் கிரவுண்ட்ல நடக்குது.

[காட்சி: வால்ட்சர், பக்கத்துலேர்ந்து]

இப்ப ரைடுக்கு வர்றேன். ஒண்ணே ஒண்ணுதான் ஏறுவேன்னா வால்ட்சர் ஏறுங்க. வட்டமா ஒரு பலகைத் தளம், மேடும் பள்ளமுமா இருக்கிற தண்டவாளத்து மேல அது சுத்தும், அந்தத் தளத்து மேல அரை வட்ட சோபா மாதிரி காருங்க, ஒவ்வொண்ணும் நடுவுல ஒரு அச்சுல உக்காந்திருக்கும். நல்லா கேளுங்க, காருக்கு மோட்டாரே கிடையாது. நீங்க உக்கார்ற பக்கம்தான் வெயிட்டு, தளம் மேட்டுல ஏறி இறங்கும்போது சரிவு மாறிட்டே இருக்கும், வெயிட்டான பக்கம் கீழ போகப் பாக்கும், அதுலயே கார் சுத்த ஆரம்பிச்சுடும். மேட்டுக்கு எந்த நிமிஷத்துல எந்தப் பக்கம் திரும்பி வர்றோம்ங்கிறதுல கொஞ்சம் மாறினாலும் அடுத்த சுத்து முழுசா வேற மாதிரி ஆயிடும், அதனாலதான் ஒரே காருல திரும்ப ஏறினாலும் அதே ஆட்டம் வராது. இது போதாதுன்னு அங்க வேலை பாக்குற பையன் ஒருத்தன் ஓடுற பலகை மேலயே, ஏதோ வீட்டு வராண்டால நடக்குற மாதிரி சாதாரணமா நடந்து வருவான், உங்க கார் முதுகைப் புடிச்சு ஒரு இழு இழுத்து விடுவான், அவ்வளவுதான், கழுத்து சீட்டோட ஒட்டிக்கும். சாப்பிட்ட உடனே மட்டும் ஏறாதீங்க ப்ளீஸ்.

அப்புறம் கேலப்பர்ஸ், மரக்குதிரை ராட்டினம். கிங்ஸ் லின் ஊர்ல ஃபிரடெரிக் சாவேஜ்னு ஒருத்தர், விவசாய மெஷின் செஞ்சுட்டு இருந்தவர், நீராவி இன்ஜின்ல ராட்டினத்தைச் சுத்த வெச்சு பெரிய தொழிலாவே ஆக்கினார். குதிரை மேலயும் கீழயும் போறது எப்படின்னு தெரியணும்னா தலைக்கு மேல பாருங்க, வளைஞ்ச இரும்புத் தண்டு உருளும், அதுல தொங்குற கம்பிலதான் குதிரை மாட்டியிருக்கும். பிரிட்டன் ராட்டினம் கடிகாரம் சுத்துற திசைல போகும், நிஜக் குதிரைல இடது பக்கமாதான் ஏறுவாங்க, இந்த திசைல சுத்தினா வெளியே நிக்கிற நமக்கு குதிரையோட இடது பக்கம்தான் வரும். டேஷிங் கார் நம்ம பொருட்காட்சில இருக்கிறதுதான், மேல கம்பி வலை, கீழ இரும்புத் தரை, நடுவுல காரோட கம்பம், கரன்ட் போய் வர்ற சுத்து முழுசாயிடும்.

பொழுது சாஞ்சப்புறம் போங்கன்னு சொன்னேன்ல, ஜூன் மாசத்துல இங்க ராத்திரி ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம், லைட் போட்டும் போடாத மாதிரிதான் இருக்கும். அக்டோபர் ஆரம்பத்துல ஏழு மணிக்கெல்லாம் இருட்டிடும், ஆனா இன்னும் எலும்பை உறைய வைக்கிற குளிர் வரல, ஒரு ஜாக்கெட் போதும். சின்னக் குழந்தைங்களோட போறவங்க மட்டும் சாயங்காலமே போயிடுங்க, அப்ப கூட்டம் கம்மி, அதுங்களுக்கும் பயம் இருக்காது.

"நேத்து பூட்டி நாளைக்குக் கழட்டுற ரைடு, சேஃபா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். இங்க அடிப்ஸ்னு ஒரு பரிசோதனை முறை இருக்கு, ஒவ்வொரு ரைடையும் வருஷா வருஷம் தனி இன்ஸ்பெக்டர் பாத்து சர்டிஃபிகேட் கொடுக்கணும், ரைடு நடத்துறவங்களும் தினமும் திறக்கிறதுக்கு முன்னாடி செக் பண்ணணும். உங்க பங்குக்கு உயர அளவுப் பலகையை மதிங்க, குழந்தை ரெண்டு விரல்கடை குறைச்சலா இருந்தா குதிகாலைத் தூக்கி நிக்க வைக்காதீங்க, சீட்டுல நம்மளைப் புடிச்சு வெக்கிற கம்பி அந்த உயரத்துக்குக் கணக்குப் பண்ணிப் போட்டது.

ரைடு நடத்துறவங்கள்ல நிறைய பேர் தலைமுறை தலைமுறையா இதே தொழில்ல இருக்கிற குடும்பம். வண்டி வீட்டுல குடியிருக்கிறவங்களை நெருக்குற மாதிரி ஒரு மசோதா வந்தப்போ ஒண்ணு சேர்ந்து 1889ல சங்கம் ஆரம்பிச்சாங்க, அதுதான் இன்னைக்கு ஷோமென்ஸ் கில்டு. எந்த ஃபேர்ல யார் ரைடு எங்க நிக்கணும்ங்கிற உரிமை கூட அப்பா கிட்டேர்ந்து புள்ளைக்குப் போகும். அவங்களை நாடோடின்னு இளக்காரமா பேசுறவங்களைப் பாத்தா எனக்கு நிஜமாவே கோவம் வரும், அத்தனை டன் இரும்பை ராத்திரியோட ராத்திரியா கழட்டி அடுத்த ஊர்ல பூட்டுறது சும்மா இல்ல.

சாப்பிட மஷி பீஸ் வாங்குங்க, வேக வெச்சு மசிச்ச பட்டாணி, மேல புதினா சாஸ். சூடா கப்புல தருவாங்க, புளிப்பும் புதினா வாசமுமா நம்ம நாக்குக்கு உடனே புடிச்சுடும்.

நாட்டிங்ஹாமை மிஸ் பண்ணிட்டா ஹல் ஃபேர் இருக்கு, அக்டோபர் 11ஐ ஒட்டி, வால்டன் ஸ்ட்ரீட்ல, நாட்டிங்ஹாம்ல பாத்த ரைடு சிலது அங்க நிக்கும். அங்க போனா பிராண்டி ஸ்னாப்னு மொறுமொறுன்னு ஒரு இனிப்பு பிஸ்கட் இருக்கு, அதை வாங்குங்க. ஷூ போட்டுட்டு போங்க, மழை பேஞ்சா சேறாயிடும், வால்ட்சர் ஏறும்போது ஃபோனை ஜிப் பாக்கெட்ல போட்டு மூடிடுங்க.