பாதாள கரண்டிக்கு ஈடு

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னைப் புறநகர்க் கோடையைப் பற்றியும் அக்கம்பக்கத்தாரைப் பற்றியும் பேச அழைத்திருக்கிறார்கள். ஓர் இரும்புச் சாமானிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதற்குப் பாதாள கரண்டி என்று பெயர். இளையவர்கள் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு வளையம், அதைச் சுற்றிலும் தொங்கும் கொக்கிகள், அவ்வளவுதான். கிணற்றில் வாளி விழுந்துவிட்டால் இதைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவ வேண்டும். பத்துத் தடவை வெறுமனே வரும். பதினோராவது தடவை கயிறு கனக்கும். அந்தக் கனத்தைக் கையில் உணர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1982-இல் நாங்கள் குரோம்பேட்டைக்குக் குடிவந்தோம். அங்கே இருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் ஊருக்கு அந்தப் பெயர். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தத் தண்டவாளத்தை ஒட்டி வளர்ந்த ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. அரை கிரவுண்டு மனை, முன்னால் ஒரு வேம்பு, பின்னால் முருங்கை, அதன் பக்கத்தில் சிமெண்ட் உறை இறக்கிய கிணறு. எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லா வீடும் இப்படித்தான்.

பங்குனி பிறந்தால் கிணற்றில் தண்ணீர் கீழே போக ஆரம்பிக்கும். சித்திரையில் கயிறு எட்டாது. இன்னொரு கயிற்றை முடிச்சுப் போட்டு நீட்டுவோம். அவசரத்தில் போட்ட முடிச்சு, பாதியில் அவிழும். வாளி போய்விடும். ஆகவே எங்கள் தெருவில் கோடைக்காலம் என்பது பாதாள கரண்டியின் காலம். தெருவுக்கே ஒன்றுதான் இருந்தது, மூன்றாவது வீட்டுப் பாட்டியிடம்.

முதல் தடவை நான் வெறுங்கையோடு போய் நின்றேன். பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சொம்பு எங்கேப்பா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"சொம்போ தவலையோ ஏதாவது ஒண்ணை வச்சிட்டுத்தான் கரண்டி எடுத்துட்டுப் போகணும். திருப்பிக் கொடுத்துட்டு சொம்பை வாங்கிக்கோ."

நான் மத்திய அரசு ஊழியன். மாதச் சம்பளக்காரன். ஒரு கொக்கிக் கம்பிக்கு என்னை அடகு வைக்கச் சொல்கிறார்களே என்று முகம் சுண்டிப்போயிற்று. வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொருமினேன். அவள் சிரித்தாள். அவள் ஊரிலும் அதுதான் வழக்கமாம். பாதாள கரண்டியைச் சும்மா கொடுக்கக் கூடாதாம். கொடுத்தால் திரும்பி வராதாம், கேட்டால் மனஸ்தாபமாம். கல்யாணத்துக்கு வந்த வெண்கலச் சொம்பை எடுத்துக் கையில் கொடுத்து, "போய் வச்சிட்டு வாங்க" என்றாள். அந்தச் சொம்பு அப்புறம் எத்தனை கோடை அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது என்பதற்குக் கணக்கே இல்லை.

மே மாதத்தில் தண்ணீர் முழங்காலளவுக்கு வந்ததும் கிணறு தூர் வாருவோம். ஆள் உள்ளே இறங்கிச் சேற்றை வாளியில் அள்ளிக் கொடுப்பார். மேலே நாங்கள் நாலு பேர் ராட்டினத்தில் இழுப்போம். இறங்குவதற்கு முன் ஓர் அரிக்கேன் விளக்கை ஏற்றி உள்ளே விடுவார்கள். விளக்கு அணைந்தால் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. சேற்றோடு என்னவெல்லாம் வரும் தெரியுமா? டம்ளர், சோப்புப் பெட்டி, ஒற்றைக் கொலுசு, தெருப் பையன்களின் ரப்பர் பந்துகள். ஒரு வருடம் எங்கள் கிணற்றில் பதினொரு பந்து வந்தது. ஒவ்வொரு பந்து விழுந்தபோதும் எங்கள் சுவர் ஏறிக் குதித்த பையனை நான் திட்டியிருக்கிறேன். ஆனாலும் பதினொன்றையும் கழுவி வாசலில் வரிசையாக வைத்தேன். அரைமணி நேரத்தில் ஒன்றுகூட இல்லை.

ராத்திரி மின்சாரம் போனால் எல்லோரும் மொட்டை மாடி. வெயில் குடித்த தளம் சுடும். நாலு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாய் விரிக்க வேண்டும், அந்த நாலு வாளிக்குத்தான் பஞ்சம். வானொலியில் நுங்கம்பாக்கம் இத்தனை டிகிரி, மீனம்பாக்கம் இத்தனை டிகிரி என்று வாசிப்பார்கள் அல்லவா? கோடையில் பல நாள் எங்கள் பக்கத்து மீனம்பாக்கம்தான் கூடுதலாக இருக்கும். காரணம் எளிது. பிற்பகலில் கிளம்பும் கடல் காற்று முதலில் கடற்கரைக்காரர்களுக்கு, பிறகு நகரத்துக்கு, மிச்சம் மீதி எங்களுக்கு. மேற்குக் காற்று வலுத்த நாளில் அதுவும் இல்லை. மாடிக்கு மாடி பேச்சு நடக்கும். யார் வீட்டில் மாவடு போட்டார்கள், யார் பையனுக்குப் பத்தாம் வகுப்பில் எத்தனை மார்க், எல்லாம் அங்கேதான் தெரியவரும். பகலில் அதே மாடியில் வேட்டி விரித்து ஜவ்வரிசி வடாம். காவலுக்கு ஒரு கறுப்புக் குடை. காக்கை அந்தக் குடைக்குப் பயந்ததாக எனக்கு நினைவில்லை.

இதுவரை சொன்னது சுகமான பகுதி. இத்தோடு நிறுத்தினால் நான் பொய் சொன்னவனாவேன்.

1994-இல் நான் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டேன். 150 அடி. எங்கள் பக்கத்தில் கீழே இருப்பது சார்னகைட் என்கிற கெட்டிப் பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருக்கும் கல் பல்லாவரத்துக் கல் என்பதால் அந்தப் பாறைக்கே அவர் பெயர் வந்தது. பாறை பஞ்சு அல்லவே, விரிசலில்தான் தண்ணீர் நிற்கும். மேலே மக்கிய மண்ணில் தேங்குவதுதான் கிணற்றுத் தண்ணீர். கீழே ஒருவன் மோட்டார் வைத்து உறிஞ்சினால், மேலே இருப்பது விரிசல் வழியாக இறங்கிவிடும். இதெல்லாம் பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் போர் போட்ட அடுத்த கோடையில் பாட்டியின் கிணறு வறண்டது.

அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தினம் காலையில் ஹோஸை நீட்டி அரைமணி நேரம் அவர் வீட்டுத் தொட்டியை நிரப்பினேன். பதிலுக்கு ஒரு தூக்கில் மோர் வரும், கறிவேப்பிலை மிதக்க. தண்ணீர் தருகிற பெருமை எனக்கும் கொஞ்ச நாள் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. அவர் கிணற்றுத் தண்ணீரைத்தான் நான் அவருக்கே தானம் செய்துகொண்டிருந்தேன்.

நான் 150 அடி என்றால் எதிர் வீட்டுக்காரர் 200. அவருக்குப் பக்கத்தில் 300. கிணறுகளை மூடிக் கார் நிறுத்தினார்கள். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்திலேயே 45 டிகிரி. அந்த வருடம்தான் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கினார்கள். சிலர் முறையாகச் செய்தோம், சிலர் வெறும் குழாயை மண்ணில் சொருகிக் காட்டினார்கள். பாட்டி காலமான பிறகு அந்த வீடு அடுக்குமாடியானது. கிணற்றை மூடப் போனபோது நாங்கள் ஏழெட்டுப் பேர் போய், மாடித் தண்ணீரையாவது இதில் விடுங்கள் என்று கெஞ்சினோம், கொஞ்சம் சத்தமும் போட்டோம். கிணறு தப்பியது. கரண்டியை அவர் மகன் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே எங்கள் வெண்கலச் சொம்பையும்.

2019 உங்களுக்கு நினைவிருக்கும். சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் தரை தெரிந்தன. 2015 வெள்ளத்தில் எதைத் திறந்தார்கள் என்று நடுங்கினோமோ, அதே செம்பரம்பாக்கம்தான். ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, 25 லட்சம் லிட்டர். எங்கள் கணக்கில் சொன்னால் 12,000 லிட்டர் லாரி இருநூற்றுச் சொச்சம். அந்த லாரி ஒன்றுக்குத்தான் நாங்கள் நாலு வீடும் அந்த அடுக்குமாடியும் சேர்ந்து பணம் போட்டோம். மூங்கில் குச்சியை சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், விட்டு, யாருக்கு எத்தனை அங்குலம் ஏறியது என்று அளந்தோம். ஓர் அங்குலத்துக்காக எதிர் வீட்டுக்காரரும் நானும் இரண்டு வாரம் பேசவில்லை. குச்சியை மட்டும் அவரும் நானும் முறை வைத்துப் பிடித்தோம்.

அப்போது வாட்ஸ்அப்பில் கணக்கு எழுதியவர் அடுக்குமாடியின் முதல் தளத்துத் தம்பி, மென்பொருள் கம்பெனியில் வேலை. அதற்குமுன் எனக்கு அவர் முகம்கூடத் தெரியாது. போன வாரம், அக்னி நட்சத்திர வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். சம்ப்பை எட்டிப் பார்த்தபோது வண்டிச் சாவிக்கொத்து உள்ளே விழுந்துவிட்டதாம்.

"அங்கிள், உங்ககிட்ட ஏதோ கொக்கி மாதிரி ஒண்ணு இருக்குன்னு செக்யூரிட்டி சொன்னாரு."

பரணிலிருந்து இறக்கித் துடைத்துக் காட்டினேன். கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"எதையாவது வச்சிட்டு எடுத்துட்டுப் போங்க தம்பி."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, 1982-இல் பாட்டியை நான் பார்த்த அதே பார்வை. பையைத் தடவினார், ஒன்றும் இல்லை. கடைசியில் கையில் இருந்த ஹெல்மெட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்.

சாவி அன்றைக்கே கிடைத்துவிட்டதாம். கரண்டிதான் இன்னும் வரவில்லை. ஹெல்மெட் எங்கள் கூடத்தில், அந்தச் சொம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஹெல்மெட் இல்லாமல் எத்தனை நாள் வண்டி ஓட்டுவார், பார்க்கிறேன்.

வணக்கம்.