‘மனுசனா இரு’ என்ற சொல்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு தமிழ் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தத்துவம் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். சங்கரரிலோ மெய்கண்டாரிலோ தொடங்குவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் ஒரு வசைச்சொல்லில் தொடங்குகிறேன். “அவனெல்லாம் ஒரு மனுசனா?” 1860-இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை முதன்முதலாக இங்கே கொண்டுவந்த ட்ரூரோ கப்பலில் இறங்கியவர்களின் வழிவந்த நம் பிள்ளைகள் தமிழில் நான்கு வாக்கியம் தொடர்ந்து பேசத் தடுமாறுகிறார்கள், ஆனாலும் இந்த ஒரு வாக்கியத்தைப் பாட்டியின் குரலோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கேள்வியின் விந்தையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரண்டு கால், இரண்டு கை, பேச்சு, சிரிப்பு எல்லாம் உடைய ஒருவரைக் காட்டி, இவர் மனிதர்தானா என்று ஐயம் எழுப்புகிறோம். மாட்டைக் காட்டி ‘இதெல்லாம் ஒரு மாடா’ என்று யாரேனும் கேட்டால், அது பால் கறக்கவில்லை என்று புரிந்துகொள்கிறோம். அப்படியானால் மனிதரிடம் நாம் எதிர்பார்த்து ஏமாறுகிற பால் எது? பள்ளிக்கூடம் போகாத நம் பாட்டி, மனிதராகப் பிறப்பது வேறு, மனிதராக ஆவது வேறு என்ற நுட்பமான கருத்தைக் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

வள்ளுவர் இதையே பண்புடைமை அதிகாரத்தில் இன்னும் கடுமையாகச் சொல்கிறார். அரம்போலும் கூர்மைய ரேனும் மரம்போல்வர் மக்கட்பண் பில்லாதவர். அறிவு அரம்போலக் கூர்மையாக இருந்தாலும், மக்கட்பண்பு இல்லாதவர் மரத்துக்கு ஒப்பானவர் என்கிறார். அந்த ‘மக்கட்பண்பு’ என்ற சொல்லை அப்படியே ஜூலு மொழிக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதே இன்று நான் பேச வந்த செய்தி.

மனிதத் தன்மையைக் குறிக்கும் உபுண்டு என்ற ஜூலுச் சொல்லை அறியாதவர் இந்த அவையில் இருக்க மாட்டார்கள். தேநீர்க் கோப்பையிலும் சட்டையிலும் அச்சாகிறது. நிறுவனங்கள் ஊழியர்களை உட்காரவைத்து அதைப் பயிற்சியாகக் கொடுக்கின்றன. நம் நாட்டவரான மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் வெளியிட்ட கணினி இயங்குதளத்துக்கு அதுவே பெயர். 2008-இல் அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணி அதையே முழக்கமாகக் கொண்டு அந்த ஆண்டின் கோப்பையை வென்றது. ஆப்பிரிக்கச் சிறுவர்களுக்கு முன் பழக்கூடையை வைத்து ஓட்டப்பந்தயம் அறிவித்ததாகவும், அவர்கள் கைகோத்து ஒன்றாக ஓடிப் பகிர்ந்து உண்டதாகவும் ஒரு கதை வாட்ஸப்பில் வாரம் தவறாமல் வருகிறது. எந்த ஊர், எந்த ஆண்டு என்று அந்தக் கதை சொல்வதில்லை. அதைவிட என்னை உறுத்துவது, அந்தக் கதையில் எவருக்கும் எந்த இழப்பும் இல்லை என்பதுதான். கூடை நிறையப் பழம் இருக்கும்போது பகிர்வதற்குத் தத்துவம் எதற்கு?

‘நாம் இருப்பதால் நான் இருக்கிறேன்’ என்று உபுண்டுவுக்குப் பொருள் எழுதுகிறார்கள். அந்த வாக்கியம் கென்யாவின் தத்துவ அறிஞர் ஜான் முபிட்டி 1969-இல் எழுதியதிலிருந்து பரவியது. அழகான வாக்கியம், ஆனால் ஜூலுப் பழமொழி சொல்வது அதுவன்று. ‘உமுண்டு ங்குமுண்டு ங்கபண்டு’ என்பதே பழமொழி. உமுண்டு என்றால் மனிதர். அபண்டு என்றால் மனிதர்கள். முன்னொட்டை ‘உபு’ என்று மாற்றினால் உபுண்டு, அதாவது மனிதராக இருக்கும் தன்மை. தமிழில் சொல்லின் இறுதியில் ‘மை’ சேர்த்துச் செய்கிற வேலையை அவர்கள் சொல்லின் முதலில் செய்கிறார்கள். மனிதர், மனிதர்கள் வழியாகவே மனிதர் என்பது பழமொழியின் பொருள். முபிட்டியின் வாக்கியம் நம் இருப்பைப் பற்றிப் பேசி ஆறுதல் தருகிறது. பழமொழியோ மனிதராவதைப் பற்றிப் பேசுவதால், இன்னும் ஆகவில்லையே என்ற கேள்வியை நம் முன் வைக்கிறது. நம் பாட்டியின் வசைக்கும் அதற்கும் உறவு நெருக்கம்.

இந்தச் சொல்லுக்கு நம் நாட்டில் சட்டத்தின் வாழ்வும் உண்டு. 1993-இன் இடைக்கால அரசியலமைப்பின் முடிவுரையில், பழிவாங்கல் அன்று, உபுண்டு தேவை என்ற கருத்தில் அது இடம்பெற்றது. 1995-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் மரண தண்டனையை ஒழித்தபோது நீதிபதிகள் சிலர் அதைச் சுட்டினார்கள். கொலை செய்தவனும் உமுண்டு என்ற தகுதியை இழப்பதில்லை என்று முடிவு செய்வது, பழக்கூடையைப் பகிர்வதைப் போல எளியதன்று. 1996-இன் அரசியலமைப்பில் அந்தச் சொல் இல்லை. தேநீர்க் கோப்பையில் நிலைத்துவிட்டது.

இங்கே ஓர் இடர்ப்பாடு இருக்கிறது, அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. மனிதத் தன்மை ஈட்டப்பட வேண்டியது என்றால், ஈட்டாதவரை மனிதர் அல்லர் என்று தள்ளிவிடலாமே? நிறவெறி ஆட்சியினர் தள்ளித்தான் பார்த்தார்கள். ‘மக்கள்’ என்று மட்டுமே பொருள்படும் ‘அபண்டு’ என்ற அதே சொல்லை எடுத்து, 1953-இல் பண்டு கல்விச் சட்டம் என்று பெயர் வைத்து, கறுப்பினக் குழந்தைகளுக்குத் தாழ்ந்த கல்வியை வகுத்தார்கள். நாம் மட்டும் தூய்மையானவர்கள் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. தோட்டத்தில் வேலை செய்கிறவர் ஐம்பது வயதானாலும் அவரைப் ‘பையன்’ என்றே அழைத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே நடந்த கலவரத்தில் 142 பேர் மாண்டார்கள். இரு பக்கமும் ஒருவரையொருவர் மனிதராகப் பார்க்காத நாட்கள் அவை. அந்த நாட்களிலேயே இந்தியக் குடும்பங்களைத் தம் வீட்டில் ஒளித்துக் காத்த ஆப்பிரிக்க அண்டை வீட்டார் இருந்ததையும் நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

என் எண்ணத்தில் இந்த இடர்ப்பாட்டுக்கு விடை இலக்கணத்தில் இருக்கிறது. ‘அவன் மனுசனா’ என்று படர்க்கையில் சொன்னால் அது தீர்ப்பு. ‘நீ மனுசனா இரு’ என்று முன்னிலையில் சொன்னால் அது வளர்ப்பு. என் பாட்டி தெருவைப் பார்த்து முதலாவதைச் சொன்னதும் உண்டு, என்னைப் பார்த்து இரண்டாவதைச் சொன்னதும் உண்டு. ஜூலுப் பழமொழியிலோ தீர்ப்பளிக்க ஆளே இல்லை. மனிதராக வேண்டியவரும் மற்ற மனிதர்களும் மட்டுமே இருக்கிறார்கள்.

அவர்களின் முகமன் சொல்லையும் கவனியுங்கள். ‘சாவுபோனா’ என்றால் ‘உன்னைக் கண்டோம்’. சொல்பவர் ஒருவராக இருந்தாலும் ‘கண்டோம்’ என்று பன்மையில் சொல்கிறார். நாமும் ஒருவர் மீது மனத்தாங்கல் வந்தால் “என்னைக் கண்டுகொள்ளவே இல்லை” என்கிறோம். பார்ப்பது கண்ணின் வேலை. கண்டுகொள்வது வேறு வேலை. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது, வரிசையில் நிற்கிற எவரையும் யார், எந்த ஊர் என்று கேட்காமல் கிண்ணத்தை நிரப்புகிறோம். ஜூலு வீட்டில் பூத்து என்ற களி கிண்டுகிற அதே மக்காச்சோள மாவில்தான் என் அம்மா அம்மனுக்குக் கூழ் காய்ச்சினார். அந்த ஒரு நாளில் நாம் எல்லோரையும் கண்டுகொள்கிறோம் என்று நான் பெருமையாக நினைத்திருந்தேன்.

2021 ஜூலையைச் சொல்லி முடிக்கிறேன். நாட்டில் 350-க்கும் மேற்பட்டோர் மாண்ட அந்தக் கலவரத்தின்போது, நம் பகுதிகளில் தெருமுனைதோறும் தடுப்பு வைத்துக் காவல் இருந்தோம். டர்பனின் இந்தியர் பகுதியான பீனிக்ஸில் அத்தகைய தடுப்புகளில் கறுப்பினத்தவர் கொல்லப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். எங்கள் தெருவில் நானும் ஓர் இரவு கையில் தடியோடு நின்றேன். இரவுப் பணி முடிந்து நடந்து வந்த ஒரு ஜூலு மனிதரை எங்கள் இளைஞர்கள் மறித்தார்கள். எனக்கு அவரைத் தெரியும். இருபது ஆண்டுகளாக என் வாசல் வழியாகப் போகிறவர்; நாள்தோறும் அவர் சாவுபோனா என்பார், நானும் ‘ஆம்’ என்று பொருள்படும் யெபோவைச் சொல்வேன்; கூழ் ஊற்றிய நாட்களில் என் கையாலேயே வாங்கிக் குடித்திருக்கிறார். “அங்கிள், உங்களுக்குத் தெரிந்தவர் என்றால் பேரைச் சொல்லுங்கள், விட்டுவிடுகிறோம்” என்றான் ஓர் இளைஞன்.

எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்தான், விடுங்கள் என்று மீண்டும் மீண்டும் சொன்னேன். என் வயதுக்கு மரியாதை கொடுத்து விட்டார்கள். அவர் தடுப்பைக் கடந்து சில அடி போன பிறகு திரும்பி, என் முழுப் பெயரையும் பிழையில்லாமல் சொல்லி, கவனமாக வீடு போய்ச் சேருங்கள் என்றார்.