நெஞ்சில் குத்தினால் கேட்கும் கோயில்

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஊர்க் கோபுரத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். ஏதோ ஒரு சுதைப் பொம்மையின் தோளில் அரசங்கன்று முளைத்திருக்கும். காக்கை எச்சத்தில் வந்த விதை. கும்பாபிஷேகத்துக்குச் சாரம் கட்டும்போது பிடுங்கிவிடுவார்கள். சரி, பிடுங்க ஆளே இல்லாமல் சில நூறு ஆண்டுகள் போனால்? கம்போடியாவில் தா புரோம் அப்படித்தான் நிற்கிறது.

அந்நாட்டு மன்னன் ஏழாம் ஜெயவர்மன் தன் தாய்க்காக 1186-இல் எழுப்பிய பௌத்தக் கோயில் அது. 615 ஆடல் மகளிர் இருந்ததாக அங்குள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு சொல்கிறது. இன்று கூரைமேல் மரங்கள். யானைத் துதிக்கை பருமனில் வேர்கள் சுவர் வழியே வழிந்து இறங்குகின்றன. சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய கட்டடம், வேருக்கு இடுக்குக்கா பஞ்சம்? வேர் பருக்கப் பருக்கக் கல் விலகும். விலகிய கல்லை அதே வேர்தான் விழாமலும் பிடித்துக்கொள்கிறது. மரத்தை வெட்டினால் வேர் மக்கும், கல் கொட்டும். வெட்டாவிட்டால் ஒரு புயலில் மரம் சாய்ந்து கல்லையும் இழுத்துக்கொண்டு போகும். நம் இந்தியத் தொல்லியல் துறையினரும் அங்கே வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் இதே தலைவலிதான்.

வானொலியில் பேசுவதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே கோபுரம் போல உயர்ந்த ஒரு சின்ன அறை. வழிகாட்டி என்னை உள்ளே நிறுத்தி, "சத்தம் போடுங்க ஐயா" என்றார். போட்டேன். ஒன்றுமில்லை. கை தட்டினேன். அதற்கும் ஒன்றுமில்லை. "சுவரில் சாய்ந்து நெஞ்சில் குத்துங்க" என்றார். எனக்குக் கூச்சம், பின்னால் வரிசை வேறு. மெல்லத்தான் குத்தினேன். அம்மாடி! பெரிய முரசை யாரோ அறைந்ததுபோல அறை முழுக்கத் 'தொம்' என்றது. கத்தினால் கேட்காத அறை, நெஞ்சில் குத்தினால் கேட்கிறது! இங்கே குத்திக் காட்டினால் நிலையத்தார் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள்.

பெங் மெலியா என்று கம்போடியாவில் இன்னொரு கோயில், இதைவிடச் சிதைந்தது. அதைத்தான் விரிவாகச் சொல்ல வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைச் சுழற்றுகிறார்கள். சரி, போகிறவர்கள் பிடிமானமுள்ள செருப்பாகப் போட்டுக்கொண்டு போங்கள், மழைக்காலத்தில் கல்லெல்லாம் பாசி. வணக்கம்.