வாக்கு பலித்தது, சோறுதான் இல்லை

அவையோர்க்கு வணக்கம். ஜமைக்காவின் ரெகே இசை என்றதும் பாப் மார்லி முகம்தான் நம் கண்ணில் வரும். இன்று நான் பேச வந்தது வின்ஸ்டன் ராட்னியைப் பற்றி. மேடைப் பெயர் பர்னிங் ஸ்பியர், அதாவது எரியும் ஈட்டி. கென்ய விடுதலைத் தலைவர் ஜோமோ கென்யாட்டாவுக்கு இருந்த பட்டப்பெயர் அது. 1975-இல் வந்த ராட்னியின் ஆல்பம் ‘மார்கஸ் கார்வி’.

கார்வியும் ராட்னியும் ஒரே ஊர்க்காரர்கள். ஜமைக்காவின் வடகரையில் உள்ள செயின்ட் ஆன்ஸ் பே. கார்வி பிறந்தது 1887-இல். கறுப்பின மக்களைத் திரட்டினார், அவர்களுக்காகக் கப்பல் கம்பெனி தொடங்கினார், அமெரிக்காவில் சிறை சென்றார், நாடு கடத்தப்பட்டார், 1940-இல் லண்டனில் இறந்தார். ஆப்பிரிக்காவில் ஒரு கறுப்பு மன்னன் முடிசூடுவான் என்று அவர் முன்பே சொன்னதாக ராஸ்தாக்கள், அதாவது எத்தியோப்பிய மன்னர் ஹைலே செலாசியைத் தெய்வமாகப் போற்றும் ஜமைக்கச் சமயத்தார், நம்புகிறார்கள். 1930-இல் எத்தியோப்பியாவின் ராஸ் தஃபாரி, ஹைலே செலாசி என்ற பெயரில் முடிசூடியதும், வாக்கு பலித்தது என்றார்கள். வேடிக்கை பாருங்கள், கார்வி ராஸ்தாவே அல்ல! இத்தாலி படையெடுத்தபோது நாட்டைவிட்டு வெளியேறிய செலாசியைக் காரசாரமாகக் கண்டித்து எழுதியவர். பக்தர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் பாட்டுக்கு வருவோம். கார்வியின் வாக்கு நிறைவேறுகிறது என்று எடுக்கிறார் ராட்னி. சரி, அடுத்து மன்னர் புகழ் வரும் என்று காத்திருப்போம். வருவது என்ன? தின்னச் சோறில்லை, செலவுக்குக் காசில்லை. தீர்க்கதரிசனம் அடுத்த வரியிலேயே அடுப்படிக்கு வந்துவிடுகிறது. இந்த ஆல்பத்தை நான் திரும்பத் திரும்பக் கேட்பது அந்த ஒரு தாவலுக்காகத்தான்.

கொஞ்சம் தொடையில் தட்டிப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ரெகேயின் ‘ஒன் டிராப்’ தாளத்தில் முதல் தட்டில் டிரம் விழாது, மூன்றில்தான் இறங்கும். இரண்டிலும் நான்கிலும் கிடார் சுருக்கென்று வெட்டும். நம் கை ஒன்றில் ஓங்கி விழப் பார்க்கும், அங்கே பள்ளம். பழகச் சற்று நேரம் பிடிக்கும்.

ஆல்பத்தைத் தயாரித்தவர் ஜாக் ரூபி. வெளிநாட்டு விற்பனைக்கு எடுத்துக்கொண்ட ஐலண்ட் நிறுவனம், ராக் ரசிகர்களின் காதுக்கேற்ப ஒலிக்கலவையை மாற்றியது. ராட்னிக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும்தான், முரட்டுக் கம்பளியை இஸ்திரி போட்டதுபோல் இருக்கிறது.

‘ஸ்லேவரி டேஸ்’ என்ற பாட்டில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வருகிறது: அடிமை நாட்கள் நினைவிருக்கிறதா? அடித்தார்கள், பாடாய்ப் படுத்தி வேலை வாங்கினார்கள் என்று சொல்வார், மறுபடி, நினைவிருக்கிறதா? கோபத்தில் கத்துவதில்லை. ஏறக்குறைய மந்திரம்போல் முனகுகிறார்.

இப்போது அதைப் போடுகிறேன். தம்பி, அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள். பின்வரிசையில் இருப்பவர்களுக்கு பேஸ் கிடாரின் கனத்த ஒலி கேட்க வேண்டும்.